இரும்பைத் தின்னும் கடல்

ராமேசுவரம் போகும் ரயிலில் ஒரு முறையாவது பிரயாணம் செய்த நேயர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். மண்டபத்தை விட்டு வண்டி கிளம்பிச் சிறிது தூரம் போனதும் இரு புறமும் தரை நழுவி மறைந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கைப்பிடிச் சுவர் கிடையாது. நேர் கீழே கடல்தான். வண்டியின் வேகம் வெகுவாக இறங்கிவிடும். அதுவரை அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் வாயடைத்துப் போவார்கள். வயதான அம்மாமார்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சமுத்திர ராஜனுக்கு ஒரு காசு எறிவார்கள்.

நாம் முதன்முதலில் அந்தப் பாலத்தைக் கடந்தபோது நமக்குப் பத்து வயது இருக்கலாம். அன்று நம் மனத்தில் பதிந்தது கடல் அல்ல. பாலத்தின் பக்கவாட்டில் பலகை கட்டித் தொங்கிக்கொண்டு நாலைந்து பேர் இரும்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். "இவர்கள் என்ன செய்கிறார்கள், அப்பா?" என்று கேட்டோம். "துருவைச் சுரண்டிவிட்டு வர்ணம் பூசுகிறார்கள். அந்தக் கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் இந்தக் கோடியில் மறுபடியும் துரு ஏறிவிடும்" என்றார் தகப்பனார். வேடிக்கைக்காகச் சொல்கிறார் என்றே வெகு காலம் எண்ணியிருந்தோம்.

1914-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ந் தேதி திறக்கப்பட்ட பாலம் அது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கடலில் ஊன்றிய தூண்களின் மேல், கர்டர் என்னும் எஃகு உத்தரங்களை வரிசையாகக் கிடத்தி அமைத்தது. கப்பல்களுக்கு வழி விடுவதற்காக நடுவில் இரண்டு இறக்கைகளாகப் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும் பகுதி ஒன்று இருந்தது. அதன் அமைப்பைக் கண்டுபிடித்த அமெரிக்கரின் பெயரால் அதற்கு 'ஷெர்ஸர்' கண் என்று பெயர். தொழிலாளர்கள் கையால் நெம்பியே அதைத் திறந்து வந்தார்கள்.

1964-ம் வருஷம் டிஸம்பர் மாதம் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் இந்தப் பாலத்தையும் விடவில்லை. 126 உத்தரங்கள் அலையோடு போயின. ஷெர்ஸர் கண் மட்டும் அசையாமல் நின்றது. ஸ்ரீ ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்ஜினீயரிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. பிற்காலத்தில் கொங்கண் ரயில் பாதையாலும் டில்லி மெட்ரோ ரயிலாலும் நாடறிந்த அதே ஸ்ரீதரன்தான். கடலடியில் கிடந்த உத்தரங்களைத் தேடி எடுத்து, மறுபடியும் தூண்களின் மேல் ஏற்றி, 46 நாட்களில் ரயில் ஓடும்படி செய்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட பாலத்தின் மீது 2022-ம் வருஷம் டிஸம்பர் 23-ந் தேதியோடு ரயில் நின்றது. புயல் அடிக்கவில்லை, கப்பல் மோதவில்லை. 1964-ல் புயலுக்கு அசையாத அந்த ஷெர்ஸர் கண்ணையே துரு அரித்துவிட்டது என்பதுதான் காரணம். பிரயாணிகள் மண்டபத்தில் இறங்கி, 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின் வழியே பஸ் ஏறித் தீவுக்குப் போனார்கள். 2025-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கும் வரையில் இதே நிலைமைதான். ஒரே இரவில் புயல் செய்த நாசத்தைச் சரிசெய்ய 46 நாட்கள் போதுமாயிருந்தன. 108 வருஷங்களாக உப்பு ஓசையின்றிச் செய்த வேலைக்கோ, வேறு பாலமே கட்ட வேண்டியதாயிற்று.

உப்பு அப்படி என்னதான் செய்கிறது? சில வருஷங்களுக்கு முன்பு நம் மாணவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்து பார்த்தோம். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகங்களில் உள்ள பழைய சோதனைதான். ஐந்து கண்ணாடிக் குழாய்களில் ஐந்து ஆணிகள். முதல் குழாயில் ஈரத்தை உறிஞ்சும் மருந்து. இரண்டாவதில் காற்றுப் போகக் கொதிக்க வைத்த ஜலம், அதன் மேல் எண்ணெய். மூன்றாவதில் சாதாரணக் கிணற்று ஜலம். நான்காவதில் ஆணி முழுவதும் மூழ்கக் கடல் ஜலம். ஐந்தாவதில் பாதி ஆணி நனையும்படி கடல் ஜலம். வலைஞர் வீட்டுப் பையன் ஒருவன் நம்மைக் கேளாமலே ஆறாவது ஆணி ஒன்றை நூலில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டு, காலையும் மாலையும் அதன்மேல் கடல் ஜலத்தைத் தெளித்து வந்தான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் முதல் இரண்டு ஆணிகளும் பளபளவென்றிருந்தன. ஜலம் மட்டும் இருந்தாலும் துரு இல்லை, காற்று மட்டும் இருந்தாலும் துரு இல்லை என்பது இதனால் விளங்கியது. கிணற்று ஜலத்து ஆணி கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. கடலில் முழுகியது அதைவிடச் சற்று அதிகம். பாதி நனைந்ததோ ஜல மட்டத்தை ஒட்டி அதைவிட மோசம். ஆனால் எல்லாவற்றையும் தோற்கடித்தது பையனுடைய ஆறாவது ஆணிதான். தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. "ஸார், கடலுக்குள்ளேயே கிடப்பதைவிட வெளியே தொங்குவது ஏன் அதிகமாகக் கெட்டுப்போகிறது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பாம்பன் பாலத்தின் கதை முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

துருப்பிடித்தல் என்பது ஒரு சின்ன மின்சார வியாபாரம். டார்ச்சு விளக்கில் போடும் பாட்டரியை வெகு நாள் எடுக்காமல் விட்டுவிட்டால் அதன் துத்தநாகக் கூடு ஓட்டையாகி உள்ளிருப்பது கசிவதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் தருகிற உலோகம் தானே கரைந்துபோகிறது. ஓர் இரும்புத் துண்டின் மேல் ஜலம் படிந்தால் அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பாட்டரிகள் உண்டாகின்றன. ஓரிடத்தில் இரும்பு கரைந்து மின்னணுக்களைக் கொடுக்கிறது. பக்கத்து இடத்தில் பிராணவாயுவும் ஜலமும் சேர்ந்து அவற்றை வாங்கிக்கொள்கின்றன. கொடுத்த இடம் குழிகிறது. மழை ஜலத்தில் மின்சாரம் எளிதில் ஓடாது. ஆகையால் வியாபாரம் மந்தம். கடல் ஜலத்திலோ கிலோ ஒன்றுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மின்சாரம் தாராளமாக ஓடுகிறது. அதோடு அந்த உப்பில் உள்ள குளோரைடு, இரும்பின்மேல் இயற்கையாகப் படியும் மெல்லிய காப்புப் படலத்தையும் துளைத்துவிடுகிறது.

இனிப் பையனுடைய கேள்விக்கு வருவோம். ஆழத்தில் கிடக்கும் இரும்புக்கு உப்பும் ஜலமும் உண்டு, பிராணவாயுதான் பற்றாது. கடலில் முழுகிக் கிடக்கும் சாதாரண எஃகு, வருஷத்துக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேய்கிறது. அலை தெளிக்கும் உயரத்தில் இருக்கும் எஃகோ அதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு தேயக்கூடும். அங்கே ஜலம் மிக மெல்லிய படலமாகப் படிகிறது. அந்தப் படலத்தினூடே காற்று சுலபமாக நுழைகிறது. காய்வதற்குள் அடுத்த திவலை வந்து விழுகிறது. உப்பு, ஜலம், காற்று மூன்றும் குறைவின்றிக் கிடைக்கும் இடம் அதுதான். துறைமுகங்களில் அடித்து நிறுத்திய இரும்புத் தூண்களைப் பார்த்தால் அடியில் தடித்தும் அலை மட்டத்தில் இடுப்பு மெலிந்தும் நிற்பதற்கு இதுவே காரணம். வற்று மட்டத்துக்குச் சற்றுக் கீழேயும் ஒரு பொல்லாத இடம் உண்டு. அங்கே காற்றே தேவையில்லாத சில நுண்கிருமிகள் குடியேறி, கடல் ஜலத்திலுள்ள கந்தகச் சத்திலிருந்து இரும்பை அரிக்கும் பொருளை உண்டாக்குகின்றன.

"பாம்பன் உத்தரங்கள் அலைக்கு எட்டாத உயரத்தில் அல்லவா இருக்கின்றன?" என்று கேட்கலாம். உப்புக்கு அலை தேவையில்லை, காற்றே போதும். மழைக் காலத்தில் அடுப்பங்கரையில் உப்புச் சாடி கசிவதைக் காணாத வீடு இல்லை. கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீஷியச் சத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. காற்று ஓரளவு வறண்டிருக்கும்போதுகூட அது ஈரமாகவே இருக்கும். இந்த உப்புத் தூள் உத்தரத்தின்மேல் ஒட்டிக்கொண்டால், இரும்பு பார்வைக்குக் காய்ந்திருக்கும்; உண்மையில் நனைந்திருக்கும். இந்தத் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று ஒரு கடலின் உப்பைக் கொண்டு வருகிறது; அது ஓய்ந்ததும் வாடைக் காற்று மற்றொரு கடலின் உப்பைக் கொண்டு வருகிறது. வெளிமுகத்தில் படிந்ததை மழையாவது கழுவிவிடும். உத்தரத்தின் அடிவயிற்றிலும், தகடுகள் சந்திக்கும் மூலைகளிலும் மழை படாது; அங்கே உப்பு வருஷக் கணக்காகச் சேர்ந்துகொண்டே போகும். துரு முதலில் கன்னம் வைப்பதும் அங்கேதான்.

உலகத்தில் இரும்பு மிகவும் கெடும் இடங்களில் அமெரிக்காவின் மயாமிக்கு அடுத்தது பாம்பன் என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. இந்த வரிசையை யார் எந்தத் தராசில் நிறுத்தார்களோ, நமக்குத் தெரியாது. தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. பாம்பனில் ஒரு வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

துரு பிடித்தால் இரும்பு மெலிகிறது. மெலிந்தால் பலம் குறைகிறது. இதில் என்ன ஆராய்ச்சி என்று தோன்றலாம். ஆனால் எவ்வளவு மெலிந்தால் எவ்வளவு பலம் குறைகிறது என்பதில்தான் மனிதர்கள் ஏமாந்து போகிறார்கள். மாணவர்கள் வைத்திருக்கும் மெல்லிய அளவுகோல் ஒன்றை மேஜை மேல் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அழுத்துங்கள். அது நசுங்குவதில்லை; பக்கவாட்டில் வளைந்து விலகிவிடுகிறது. எடையைத் தாங்கும் தகடுகளும் கால்களும் பெரும்பாலும் கெடுவது இப்படித்தான். வளையாமல் நிற்கும் இந்தத் திறன், கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை 8 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரும்பில் போனது ஐந்தில் ஒரு பங்குதான். வளையாமல் நிற்கும் திறனில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. வர்ணம் பூசிவிட்டால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்!

ரயில் பாலத்துக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. ஒவ்வொரு சக்கரம் ஏறி இறங்கும்போதும் உத்தரம் இம்மியளவு வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டேயிருந்தால் அது ஒடிந்துவிடும் என்பது சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். நல்ல காற்றில் இருக்கும் எஃகுக்கு இதில் ஒரு வரம்பு உண்டு. வளைவு அந்த வரம்புக்குள் இருந்தால் எத்தனை கோடித் தடவை வளைந்தாலும் அது களைக்காது. உப்பு ஜலத்தில் நனையும் எஃகுக்கு அந்த வரம்பே இல்லாமல் போகிறது. துரு உண்டாக்கிய குழியில் சுமையின் இழுப்பெல்லாம் குவிகிறது; அங்கே மயிரிழை போல் விரிசல் விடுகிறது; விரிசலுக்குள் உப்பு இறங்குகிறது. போதாக்குறைக்குத் துரு என்பது அது பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும் பொருள். ஆணி அடித்துச் சேர்த்த இரண்டு தகடுகளுக்கிடையே அது வளர்ந்தால், ஆப்பு வைத்ததுபோல் தகடுகளைப் பிளந்து ஆணியின் தலையைத் தெறிக்கச் செய்துவிடும். மீட்டர் கேஜ் வண்டிகளுக்காகக் கட்டிய பாம்பன் பாலம் 2007 முதல் அகலப் பாதை வண்டிகளையும் தாங்கிற்று. அது அத்தனை காலம் நின்றது, பலகை கட்டித் தொங்கிய அந்த மனிதர்களின் கைவேலையால் என்றே நினைக்கிறோம்.

இதெல்லாம் ரயில்வேக்காரர்கள் கவலை என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். கடலோர ஊர் ஒன்றில் நாம் சில காலம் வேலை பார்த்த பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. கான்கிரீட் கட்டடம், வயது முப்பதுகூட ஆகவில்லை. தாழ்வாரத்துத் தூண்களில், கம்பி ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல் ஒரு கீறல். அதன் ஓரத்தில் காவி நிறக் கசிவு. வருஷா வருஷம் கொத்தனார் வந்து சிமெண்டு வைத்து அடைத்து வெள்ளையடித்துவிட்டுப் போவார். அடுத்த வருஷம் கீறல் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அகலமாகத் தலைகாட்டும். நாமும் அந்தத் தாழ்வாரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னோம். ரசாயனம் படித்திருந்தும் நமக்கு உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நல்ல சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டின் காரம் அதன்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது. ஆனால் கழுவாத கடல் மணலையும் உவர் ஜலத்தையும் கலந்து கட்டினால், திருடனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். கலவை நன்றாயிருந்தாலும் கம்பிக்கு மேல் உள்ள பூச்சு மெல்லியதாக இருந்துவிட்டால், கடற்காற்றின் உப்பு சில வருஷங்களில் உள்ளே போய்ச் சேர்ந்துவிடும். காப்புப் படலம் உடைகிறது. கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. வெளியில் அடைப்பதால் உள்ளே நடப்பது நிற்காது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் ராத்திரி ஜன்னலுக்கு மேல் உள்ள சன்ஷேடு, ஆள் நீளத்துக்குப் பெயர்ந்து, பிள்ளைகள் செருப்பு விடும் இடத்தில் விழுந்து கிடந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதன் பிறகுதான் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியை வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, இற்றுப்போன கம்பிகளுக்குப் பதில் புதுக் கம்பி கட்டி, மறுபடியும் கனமாகப் பூசினார்கள். கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் நேயர்கள் தங்கள் தூண்களையும் பால்கனிகளையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கம்பியின் வழியே ஓடும் கீறலும் காவிக் கறையும் இருந்தால் வெள்ளையடிப்பவரைக் கூப்பிடுவதற்கு முன் எஞ்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

துருவைத் தடுக்க மனிதன் செய்த யுக்திகளில் மிகவும் ருசிகரமானது ஸர் ஹம்ப்ரி டேவியினுடையது. 1824-ல், கப்பல்களின் அடியில் தைத்த செப்புத் தகடு கடலில் கரைவதைத் தடுக்க, அதோடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துப் பொருத்திப் பார்த்தார். அவை தாம் கரைந்து செம்பைக் காப்பாற்றின. மின்சார வியாபாரத்தில் கொடுக்கும் பொறுப்பை வேறொருவர் தலையில் கட்டிவிட்டார் என்று சொல்லலாம். ஆனால் செம்பு கரைவது நின்றதும், அதன் நஞ்சுக்குப் பயந்து விலகியிருந்த சிப்பிகளும் பாசியும் கப்பலின் அடியில் குடியேறி, அதன் வேகத்தைக் குறைத்துவிட்டன! கப்பற்படை அந்த முறையைக் கைவிட்டது. எனினும் தத்துவம் சாகவில்லை. இன்றைக்கும் எஃகுக் கப்பல்களிலும் துறைமுகத் தூண்களிலும் துத்தநாக, அலுமினியக் கட்டிகளைப் பொருத்தி, அவை கரைந்ததும் மாற்றுகிறார்கள். ஜலத்தில் மூழ்கிய பாகத்துக்குத்தான் இந்த வைத்தியம் பலிக்கும். ஜலம் தொடர்ந்து சூழ்ந்திராத உத்தரத்துக்கு வர்ணமும் சுரண்டும் கையுமே கதி.

இந்த ஆராய்ச்சியில் நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் காரைக்குடியில் மத்திய மின் ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் அது திறக்கப்பட்டது. அந்த நிலையத்தார் மண்டபம் கடற்கரையில் பல தினுசு உலோகத் தகடுகளைக் காற்றிலும் அலையிலும் வைத்து, எது எவ்வளவு தேய்கிறது என்று கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். உப்பு மோசமாக இருக்கும் இடத்தை உலோகப் பரீட்சைக்கூடமாக ஆக்கிக்கொண்ட புத்திசாலித்தனம் பாராட்டத்தக்கது.

புதிய பாலத்தில் 18.3 மீட்டர் நீளமுள்ள கண்கள் 99. அவற்றோடு கப்பல் போவதற்காக 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி ஒன்று, இறக்கையாக விரியாமல் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே ஏறிவிடும். தகடுகளை ஆணி அடித்துச் சேர்க்காமல் பற்றவைத்திருக்கிறார்கள். ஆப்பு வைக்கத் துருவுக்கு இடுக்கு இல்லை. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. மேலே பாலிஸிலாக்ஸேன் என்னும் உயர்ந்த ரக வர்ணம். இவ்வளவும் இருந்தும், ரயில் விடுவதற்கு முன் சோதித்த ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் 2024 நவம்பரில் எழுதிய அறிக்கையில் துருவைப் பற்றிய கேள்விகளை எழுப்பாமல் விடவில்லை. பாலத்தின்மேல் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்கும் பகுதியில் 50 கிலோமீட்டர் என்று வேகத்துக்கும் வரம்பு கட்டினார். புதுப் பாலத்தைப் பற்றி இப்படி எழுதலாமா என்று சிலர் மனத்தாங்கல் கொண்டார்கள். பாம்பனில் துருவைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கு முதல் நாளைவிட நல்ல நாள் எது என்று நமக்கு விளங்கவில்லை.

2025-ம் வருஷக் கோடை விடுமுறையில் சில மாணவர்களோடு அந்த வழியே ரயிலில் போனோம். ஆறாவது ஆணிக்காரப் பையனும் கூட வந்தான். இப்போது மீசை அரும்பிய வாலிபன். பழைய பாலம் பக்கத்திலேயே காவி பூத்து நின்றுகொண்டிருந்தது. வண்டி முன்போல் ஊர்ந்து போகவில்லை. அவன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு புதுப் பாலத்தின் அடிப்புறம் தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தான்.

"பலகை கட்டிச் சுரண்டுகிறவர்கள் ஒருவரையும் காணோமே, ஸார்?" என்றான்.

"இப்போதுதானே திறந்திருக்கிறார்கள், வருவார்கள்" என்றோம்.